மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடுகிறதா? காத்திருக்காதீர்கள்!

அந்த இளைஞருக்கு 23 வயது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர். ஆரோக்கியமான பிள்ளை. முழங்காலில் மட்டும் ஓரிடத்தில் குருத்தெலும்பு பழுதாகியிருந்தது. 2001-ம் வருஷம் நவம்பர் 7-ம் தேதி ஆபரேஷன் நடந்தது. இறந்துபோன ஒருவர் உடலிலிருந்து தானமாகப் பெற்ற, எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒரு துண்டை, பழுதான இடத்தில் பொருத்தினார்கள். உயிரைக் காப்பாற்றச் செய்த அவசர ஆபரேஷன் அல்ல. நன்றாக நடக்க வேண்டும், ஓட வேண்டும் என்று நாள் குறித்துச் செய்துகொண்டது.

10-ம் தேதி முழங்காலில் வலி எடுத்தது. வலி ஏறிக்கொண்டே போனது. ரத்த அழுத்தம் விழுந்து, உடல் ‘ஷாக்’ நிலைக்குப் போய்விட்டது. 11-ம் தேதி அவர் இறந்துவிட்டார்.

நான்கே நாள்!

இதைப் படித்ததும் உங்கள் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். ‘அடுத்த மாசம் அம்மாவுக்கு முட்டி மாத்தற ஆபரேஷன் வெச்சிருக்கே, இந்த மனுஷன் இப்படி எழுதறாரே!’ என்பீர்கள். பயப்படாதீர்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வீட்டிலுள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. நான் கத்தி பிடிக்கிறவன் அல்ல. ஆனால் கத்தி வைத்த இடம் வலித்தால், வலி தாங்காதவர்கள் முதலில் தேடி வருவது பல சமயம் எங்களைத்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம், 60 வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை மகன் ஆட்டோவில் அழைத்து வந்தார். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. “ஐயா, ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. நடந்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப ரெண்டு வாரமா வலி ஜாஸ்தியாயிடுச்சு. நல்ல தைலமா ஒண்ணு குடுங்க” என்றார்.

“ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“அடுத்த செக்கப் இருபதாம் தேதிங்க. அதுவரைக்கும் தாங்கட்டும்னுதான்...”

அந்த அம்மா முட்டியில் வீட்டிலேயே எண்ணெய் தடவி, உப்பு ஒற்றடம் கொடுத்து, மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஐந்து நாள் விழுங்கியிருந்தார். “காய்ச்சல் இல்லையே தம்பி, அதனால பயமில்லைன்னு இருந்துட்டேன்” என்றார். துணியை விலக்கிப் பார்த்தேன். தையல் ஆறின கோட்டின் கீழ்முனையில் கடுகளவு ஒரு துளை. அதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

தைலம் கொடுக்கவில்லை. “இப்பவே, இந்த ஆட்டோவிலேயே, ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அனுப்பினேன். போனார்கள். ஆனால் நாள் கடந்துவிட்டிருந்தது. பொருத்திய செயற்கை மூட்டைக் கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. பல மாதம் கழித்து மறுபடி ஒரு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் பட்ட அலைச்சலும் செலவும் கொஞ்சமல்ல.

அந்த இரண்டு வாரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

முதலில் ஒரு சந்தேகம் தீரட்டும்

‘முட்டி மாற்று ஆபரேஷன்’ என்றால் யாரோ ஒருவருடைய முட்டியை எடுத்து நமக்கு வைப்பது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமான முட்டி மாற்றில், தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கிவிட்டு, உலோகத்தாலான மூடிகளையும் நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தகட்டையும் வைக்கிறார்கள். பிறர் உடம்புத் திசு அதில் சேர்வதில்லை.

தான திசு பயன்படுவது வேறு சில ஆபரேஷன்களில். விளையாட்டில் முட்டியின் உள்நார் அறுந்தவர்களுக்கு, தங்கள் சொந்தத் தசைநாரை எடுத்து வைக்க முடியாதபோது தான நார் வைப்பதுண்டு. முட்டிக்குள் இருக்கும் பிறை வடிவச் சவ்வு கிழிந்து போனவர்களுக்கும், அந்த அமெரிக்க இளைஞரைப்போல் குருத்தெலும்பு குழிந்து போனவர்களுக்கும் வைப்பதுண்டு. முட்டி மாற்றியவருக்கே இரண்டாம் முறை மாற்ற நேர்ந்து, எலும்பு அதிகமாகக் கரைந்திருந்தால், பள்ளத்தை நிரப்பத் தான எலும்பு தேவைப்படலாம்.

ஆகவே தொற்று இரண்டு வழியாக வரலாம். ஒன்று, ஆபரேஷன் சமயத்திலோ பிறகோ நம் தோலிலிருந்தோ வெளியிலிருந்தோ ரத்தம் வழியாகவோ வருவது. இது யாருக்கும் வரலாம். மற்றது, வைக்கிற திசுவோடு கூடவே வருவது. இது மிக அபூர்வம். ஆனால் வந்தால் எப்படி வரும் என்பதற்கு அந்த இளைஞர்தான் சாட்சி.

யார் அந்தக் கிருமி?

இளைஞரின் ரத்தத்தை வளர்த்துப் பார்த்ததில் ‘கிளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லி’ என்ற பாக்டீரியா கிடைத்தது. பெயர் புதிதாக இருக்கலாம். குடும்பம் நமக்குத் தெரிந்ததுதான். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஊசி போட ஓடுகிறோமே, அந்த ரண ஜன்னிக் கிருமி இதன் பங்காளி. சதையை அழுகவைத்து உள்ளே வாயு கட்டச்செய்யும் கிருமியும் இதே வம்சம்தான்.

இந்த வம்சத்துக்கு இரண்டு குணம் உண்டு. முதலாவது, காற்றுப் படாத இடத்தில்தான் செழிக்கும். ரத்த ஓட்டம் இல்லாத எலும்புத் துண்டு அதற்கு ஏற்ற வீடு. இரண்டாவது, காலம் சரியில்லை என்றால் வித்தாக மாறி உறங்கிவிடும். விதைநெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் மூட்டையில் சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் முளைக்கும். இந்தக் கிருமி வித்தும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் மருந்து, வளர்கிற கிருமியைக் கொல்லும். உறங்குகிற வித்தை ஒன்றும் செய்யாது.

இன்னொரு விஷயம்தான் மிக முக்கியம். சோர்டெல்லி கிருமி விஷத்தைச் சுரக்கிறது. அந்த விஷம் ரத்தக் குழாய்களைக் கசியவைத்து, ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். இதில் பல சமயம் காய்ச்சலே இருப்பதில்லை! தர்மாமீட்டர் ‘நார்மல்’ என்று காட்டும். உள்ளே ஆள் சரிந்துகொண்டிருப்பார். ‘காய்ச்சல் இல்லை, அதனால் கிருமி இல்லை’ என்ற நம் வீட்டுக் கணக்கு இங்கே தப்பிவிடும்.

கிருமி எங்கிருந்து வந்தது? இதே வம்சத்துக் கிருமிகள் நம் குடலில் சாதாரணமாகக் குடியிருப்பவை. உயிர் இருக்கும்வரை குடல் சுவர் அவற்றைத் தாண்டவிடாது. மரணத்துக்குப் பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. நேரம் ஆக ஆக, அவை குடலைத் தாண்டி மற்ற உறுப்புகளுக்குப் பரவும். அதனால்தான் தானம் தருபவரின் உடலைச் சீக்கிரம் குளிரில் வைக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் திசுவை எடுத்துவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இந்த இளைஞருக்குக் கிடைத்த திசு, இறந்து 19 மணி நேரம் வரை குளிரில் வைக்கப்படாத உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று பின்னால் தெரியவந்தது.

டெஸ்ட்டில் ஏன் சிக்கவில்லை?

திசுவைப் பதப்படுத்திய நிறுவனம் சோதனை செய்யாமல் அனுப்பவில்லை. சோதனையில் ‘கிருமி இல்லை’ என்றே வந்தது. பிறகு எப்படி?

கிருமி இருக்கிறதா என்று அறிய, மாதிரியை எடுத்து ஊட்டச்சத்துள்ள கரைசலில் போட்டு வளரவிட்டுப் பார்ப்பார்கள். பாலுக்கு உறை ஊற்றிக் காத்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட நாட்களில் கறந்த பால் சரியாக உறையாது. உறைமோரில் குற்றமில்லை. பாலில் கலந்திருக்கும் மருந்து அதை வளரவிடுவதில்லை.

அங்கே நடந்ததும் அதுதான். திசுவை முதலில் ஆன்டிபயாடிக் கரைசலில் ஊறவைத்து, அதற்குப் பிறகு மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். திசுவில் ஒட்டியிருந்த மருந்து, கிருமியை அந்தச் சமயத்துக்கு அடக்கிவைத்தது. வித்துகள் சாகவில்லை. மருந்து நீங்கி, உடம்பின் வெதுவெதுப்புக் கிடைத்ததும் முளைத்துவிட்டன.

‘கிருமியை அடியோடு கொல்லும்படி காமா கதிரில் காட்டியிருக்கலாமே?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். குழிந்த குருத்தெலும்பை ஈடுகட்ட, உயிரணுக்கள் உயிரோடு இருக்கும் குருத்தெலும்பு வேண்டும். கிருமியைக் கொல்லும் கதிர் அந்த உயிரணுக்களையும் கொன்றுவிடும். அதனால் இந்த வகைத் திசுவுக்கு முழுச் சுத்திகரிப்பு செய்ய வழியில்லை. அப்படியானால் எடுக்கும் நேரத்திலும், சோதிக்கும் முறையிலும் இரட்டிப்புக் கண்டிப்பு இருந்தாக வேண்டும் அல்லவா?

எங்கள் சித்த மருத்துவக் கல்லூரியில் முதல் பாடமே சரக்குச் சுத்திதான். கந்தகமானாலும் சேராங்கொட்டையானாலும் அதனதன் முறைப்படி சுத்தி செய்யாமல் மருந்து முடிக்கக் கூடாது. சுத்தி பிசகினால் மருந்தே நஞ்சு. முறை எதுவானாலும், நல்லது செய்யக் கொடுக்கிற பொருள் முதலில் தன் குற்றம் நீங்கியிருக்க வேண்டும். இதில் அலோபதி, சித்தா என்ற பேதம் கிடையாது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது?

அதே வாரத்தில் மின்னசோட்டாவில் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் இருவர் இறந்திருந்தார்கள். அவர்கள் இருவரும் முட்டி மாற்றிக்கொண்டவர்கள். எல்லாம் ஒரே காரணமோ என்று பதறிப்போன மாநில சுகாதாரத் துறை, அவசரமில்லாத முழங்கால் ஆபரேஷன்களைச் சில நாள் தள்ளிவைக்கும்படி ஆஸ்பத்திரிகளைக் கேட்டுக்கொண்டது. விசாரித்ததில், மற்ற இரண்டு மரணங்களுக்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தம் தெரியவில்லை. இளைஞருக்குத் திசு கொடுத்த அதே உடலிலிருந்து எடுத்து, இன்னும் யாருக்கும் பொருத்தாமல் வைத்திருந்த திசுக்களைச் சோதித்தபோது, அதே கிருமி அங்கே இருந்தது.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் மற்ற மாநிலங்களிலும் தேடியது. 2002 மார்ச் மாதம் வெளியிட்ட அறிக்கையில், தான திசு மூலம் பாக்டீரியா தொற்று வந்தவர்கள் 26 பேர் என்றும், அவர்களில் பாதிப் பேருக்கு, அதாவது 13 பேருக்கு, கிளாஸ்ட்ரிடியம் வம்சத்துக் கிருமி என்றும் சொன்னது. 2004-ல் வெளியான முழு ஆய்வில் இந்த வம்சத் தொற்று வந்தவர்கள் 14 பேர். அத்தனை பேருக்கும் போன திசு, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே நிறுவனத்தில் பதப்படுத்தப்பட்டது. 2002 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் திசுக்களைத் திரும்பப் பெறும்படி அரசு உத்தரவிட்டது.

மகனைப் பறிகொடுத்த பெற்றோர் வீட்டில் முடங்கி உட்காரவில்லை. 2003-ல் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் போய்ப் பேசினார்கள். அதுவரை அங்கிருந்த சட்டம், தான திசுவில் எய்ட்ஸ், மஞ்சள் காமாலை வைரஸ்களைச் சோதிப்பதில்தான் கவனம் வைத்திருந்தது. பாக்டீரியா எப்படித் தொற்றும், திசுவை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கெல்லாம் விரிவான விதிமுறை 2005 மே 25-ம் தேதிதான் அமலுக்கு வந்தது. மருந்தில் ஊறவைப்பதற்கு முன்னாலேயே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், குடல் கிருமி தென்பட்டால், முழுமையாகச் சுத்திகரிக்க முடியாத திசுவை ஒதுக்கிவிட வேண்டும் என்று நோய்த் தடுப்பு மையமும் 2002-லேயே சொல்லியிருந்தது.

எதையும் அளவோடு பார்க்க வேண்டும். 1999-ம் வருஷம் மட்டும் அமெரிக்காவில் சுமார் 6,50,000 எலும்பு, தசைநார்த் திசுக்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கடலில் இந்த 26 ஒரு துளி. தான திசு பல லட்சம் பேரை எழுந்து நடக்க வைத்திருக்கிறது. தானம் தந்தவர்களின் குடும்பத்தை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். குற்றம் தானத்தில் இல்லை, கையாண்ட முறையில்தான்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. உறுப்பு மாற்றுக்கான 1994-ம் வருஷச் சட்டத்தில் 2011-ல் திருத்தம் கொண்டுவந்து திசுக்களையும் சேர்த்தார்கள். திசு வங்கி நடத்தப் பதிவு கட்டாயம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் காமா கதிரால் சுத்திகரித்த திசுக்களைத் தயாரித்துவருகிறது.

முட்டி மாற்றியவர்களுக்கு வரும் தொற்று

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். வழக்கமான முட்டி மாற்று ஆபரேஷனில் தொற்று வருவது நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு. பெரும்பாலும் அது தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் குடும்பத்துக் கிருமி.

நூற்றில் ஒருவர்தானே என்று அலட்சியம் வேண்டாம். உலோகத்தின் மேல் கிருமி ஏறிவிட்டால் அது தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். பல நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்பக்கம் வழவழவென்று இருக்குமே, அதே மாதிரி. படலம் தடித்துவிட்டால் மாத்திரையும் ஊசியும் மட்டும் உள்ளே இருக்கும் கிருமியை ஒழிக்கப் போதாது.

அதனால்தான் நாள் முக்கியம். சீக்கிரம் கண்டுபிடித்தால், மூட்டைத் திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் தகட்டை மட்டும் மாற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, செயற்கை மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதமானால் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் கட்டையை வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கிருமி போனது உறுதியான பிறகே புதிய மூட்டு. என்னிடம் வந்த அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

எது சகஜம், எது ஆபத்து?

ஆபரேஷனுக்குப் பிறகு வலி இருக்கும். வீக்கம் இருக்கும். முதல் ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். மாற்றிய முட்டி தொட்டால் வெதுவெதுப்பாகச் சில மாதம் வரைகூட இருக்கலாம். இதெல்லாம் சகஜம். நீங்கள் பார்க்க வேண்டியது வலி எந்தப் பக்கம் போகிறது என்பதை. பயிற்சி செய்த அன்று சற்றுக் கூடலாம். ஓய்வு எடுத்தால் தணிய வேண்டும். மொத்தத்தில் வாரத்துக்கு வாரம் இறங்க வேண்டும். இறங்கிய வலி மறுபடி ஏறினால் அது மணி அடிக்கிறது என்று அர்த்தம்.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள்:

1. குறைந்துவந்த வலி திரும்பக் கூடுவது. ஓய்விலும் ராத்திரியிலும் குத்துவது.
2. தையல் போட்ட இடத்தில் சிவப்பு பரவுவது, வீக்கம் கூடுவது.
3. ஐந்தாறு நாள் தாண்டியும் கசிவு நிற்காமல் இருப்பது, அல்லது ஆறின புண் மறுபடி கசிவது. கடுகளவு துளையானாலும் சரி.
4. குளிரும் நடுக்கமும், அல்லது விட்டுவிட்டு வரும் காய்ச்சல்.
5. நன்றாக மடங்கி நீண்ட முட்டி திடீரென்று விறைத்துப்போவது.
6. கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம். இது ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

இனிச் சொல்பவை இருந்தால் நாள் கணக்கில்லை, நிமிஷக் கணக்கு. 108-க்குப் போன் செய்யுங்கள்:

பார்ப்பதற்கு முட்டி அவ்வளவு மோசமாக இல்லை, ஆனால் வலியோ துடிக்கவைக்கிறது, தோல் கறுத்து அல்லது நீலம் பாரித்துக் கொப்புளம் கட்டுகிறது, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று சத்தம், துர்நாற்றம், மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைந்துபோதல். காய்ச்சல் இல்லை என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

இங்கே என் வைத்தியத்தைத் தள்ளிவையுங்கள்

30 வருஷமாகத் தைலமும் சூரணமும் கொடுத்துவருபவன் சொல்கிறேன். ஆபரேஷன் செய்த மூட்டு முழுதாக ஆறி, டாக்டர் சம்மதிக்கும்வரை அதன்மேல் எண்ணெய் வேண்டாம். பற்று வேண்டாம். மஞ்சள் அப்ப வேண்டாம். ஒற்றடம் வேண்டாம். தையல் கோடு திறந்திருந்தால், நாம் நல்லது என்று பூசுவதே கிருமிக்கு வாசலாகிவிடும். டாக்டரே ஐஸ் ஒத்தடம் சொல்லியிருந்தால் அதை மட்டும் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

தொக்கணம் என்று நாங்கள் சொல்லும் மசாஜும் கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருந்தால், தேய்க்கிற தேய்ப்பில் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். உயிருக்கே வினையாகும்.

மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் விழுங்குவது இன்னொரு பெரிய தப்பு. அரைகுறை மருந்து, கிருமியைக் கொல்லாது; ஒளித்துவைக்கும். டாக்டர் மூட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்க்கும்போது கிருமி சிக்காது. எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் எந்த மருந்து என்றும் தெரியாது. தான திசுவை மருந்தில் ஊறவைத்த பிறகு சோதித்தார்களே, அதே தவற்றை நாம் நம் வீட்டு முட்டியில் செய்கிறோம்!

ஆபரேஷனுக்கு முன்னால்

தேதி குறித்ததும் சில காரியங்களைச் செய்துவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஆபரேஷனுக்குப் போங்கள். சர்க்கரை ஏறியிருக்கிற உடம்பில் புண்ணும் ஆறாது, கிருமியும் போகாது. சொத்தைப் பல், ஈறில் சீழ், சிறுநீர்க் கடுப்பு, பாத வெடிப்பு, விரலிடுக்குப் புண் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லி முதலில் சரிசெய்யுங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். முதல் நாள் ராத்திரி வீட்டில் பிளேடு வைத்து முடி சிரைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். ஆஸ்பத்திரியில் அதற்கு முறை இருக்கிறது.

சித்த மருந்தோ, ஆயுர்வேதமோ, கை மருந்தோ எது சாப்பிட்டாலும் பட்டியல் எழுதி சர்ஜனிடம் காட்டுங்கள். ‘இதெல்லாம் இங்கிலீஷ் டாக்டரிடம் சொன்னால் திட்டுவார்’ என்று ஒளிக்காதீர்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதை மாற்றக்கூடியவை. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார்.

டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

* என் ஆபரேஷனில் தான திசு எதுவும் வைக்கிறீர்களா? என் சொந்தத் திசுவையே எடுத்து வைக்க முடியுமா?
* வைப்பதானால் பதிவு பெற்ற திசு வங்கியிலிருந்து வருகிறதா? கதிரால் சுத்திகரித்ததா, அல்லது உயிரணுக்களோடு இருக்கும் வகையா? கிருமிச் சோதனை எப்போது செய்தார்கள்?
* திசுவின் எண், செயற்கை மூட்டின் எண் இரண்டையும் டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதித் தருவீர்களா? (பின்னால் ஏதாவது பிரச்னை என்றால், அதே இடத்திலிருந்து போன மற்றவர்களைத் தேடிக் காப்பாற்ற இந்த எண்தான் உதவும்.)
* ராத்திரி 2 மணிக்கு வலி அதிகமானால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

கடைசிக் கேள்விக்கான பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள்.

ஒரு சின்ன நோட்டும் போடுங்கள். தினமும் காலை, மாலை வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று பெரியவரையே கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் காய்ச்சல், கசிவு உண்டா, இல்லையா. இரண்டு நிமிஷ வேலை. வலி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று நோட்டே சொல்லிவிடும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். “பிள்ளை இவ்வளவு செலவு பண்ணியிருக்கான், இன்னும் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் இருந்தார். ஆகவே அவர்கள் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள். நீங்கள் போய்க் கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். வலி கூடியிருக்கிறது என்று தெரிந்தால் செக்கப் தேதியைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். தைலத்துக்கு என்னிடம் பிறகு வரலாம். முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள்.